கல்யாணப் பூவை யார் கட்டுவது?

கல்யாணச் செலவுக் கணக்கு எழுதும்போது 'பூ' என்பது ஒற்றை வரியில் முடிந்துவிடும். மண்டபம், சாப்பாடு, நகை, புடவை என்று மற்ற எல்லாவற்றுக்கும் பத்து நாள் விவாதம் நடக்கும். பூவுக்கு மட்டும் "டெக்கரேஷன்காரர்கிட்ட சொல்லியாச்சு, அவரே பார்த்துக்குவார்" என்று ஒரு வாக்கியம்தான். பில் வந்த பிறகுதான் வீட்டில் யாராவது ஒருவர் முணுமுணுப்பார்: "இந்தப் பூவை நாமளே வாங்கி நாமளே கட்டியிருக்கலாமே!"

நல்ல யோசனைதான். ஆனால் அவர் சொல்லும் காரணம்தான் தப்பு. காசு மிச்சம் பிடிப்பதற்காக என்றால், கல்யாணப் பூவை வீட்டில் கட்டவே வேண்டாம். ஆட்களை ஒன்று சேர்ப்பதற்காக என்றால், கட்டாயம் கட்ட வேண்டும். ஏன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காசு. மல்லிகை வெயிலின் பூ. கோடையில் செடி கொட்டிக் கொடுக்கும். பனி இறங்கினால் சுருங்கிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியானாலும் இதே கதைதான். வரத்து பெருகும் கோடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பூ, பனிக்காலத்தில் ஆயிரங்களில் ஏறி நிற்கும். தை மாத முகூர்த்தம் என்றால் பனியும் கூட, ஊரெல்லாம் கல்யாணமும் கூட. அன்று மார்க்கெட்டில் போய் நின்று பேரம் பேசிப் பாருங்கள், புரியும். தினமும் அங்கே வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை, ஒரே ஒரு நாள் வருகிறவருக்குக் கிடைக்காது. ஆகவே மிச்சம் என்பது நிச்சயமில்லை.

அடுத்தது நேரம். கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் என்று 150 முழம் வேண்டும். பழக்கம் இல்லாத கை ஒரு முழம் கட்டப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம்! ஒருவரால் ஆகிற வேலையா? ஐந்து பேர் உட்கார்ந்தால் 5 மணி நேரம். பத்துப் பேர் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம், அதுவும் பேச்சும் சிரிப்புமாக. வேலை அதேதான். கல்யாணப் பெண்ணின் அம்மா தலையில் மட்டும் விழுந்தால் அது தண்டனை, பத்துப் பேர் பகிர்ந்தால் அது விழா. வீட்டில் பூக் கட்டலாமா வேண்டாமா என்பதற்குப் பதில் பூவில் இல்லை, உட்காரப் போகிறவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

மூன்றாவது, பூவுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. மல்லிகையை விடிகாலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். காலையில் மார்க்கெட்டுக்கு வருகிறது. அன்று இரவே விரிந்துவிடுகிறது. ஆகவே மதியத்துக்குள் கட்டி முடித்தால் மாலை ரிசப்ஷனுக்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால் முகூர்த்தம் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு என்றால்? கட்டிய சரத்தை ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் விரிவது தள்ளிப்போகும். மொட்டின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கக் கூடாது, பழுப்பேறிவிடும். இல்லையென்றால் சீக்கிரம் வாடாத கனகாம்பரத்தை மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம். நிறம் கனகாம்பரம் தரும், வாசனை மரிக்கொழுந்து தரும். இந்தக் கணக்கு தெரியாமல் முதல் நாள் காலையிலேயே மொத்தப் பூவையும் வாங்கிக் கூடையில் போட்டு வைத்தால் முகூர்த்தத்துக்கு மிஞ்சுவது வாடிய பூதான்.

சரி, எதை வீட்டில் செய்வது, எதை விடுவது? கல்யாணப் பூவை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் சுலபம். தலையில் வைக்கும் சரம், கழுத்தில் போடும் மாலை, மேடையில் கட்டும் அலங்காரம்.

சரம் வீட்டு வேலை. ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். வாழைநாரை நனைத்துக்கொண்டு, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி வளையம் போட்டு இழுத்தால் ஒரு கண்ணி. இழுப்பது இறுகினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிரும். அந்தப் பதம் கைக்கு வர இருபது முப்பது கண்ணி போட வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு பூ வாங்குவது என்று குழப்பமா? ஒரு வாரம் முன்பே நூறு கிராம் வாங்கிக் கட்டி, முழம் போட்டுப் பாருங்கள். மீதியைப் பெருக்கிக்கொள்ளலாம்.

மேடை அலங்காரத்தில் பாதியை விட்டுவிடலாம். அங்கே குத்தப்படும் பூக்களைச் செருகி நிறுத்தும் பச்சை நிற ஸ்பாஞ்ச் ஒரு பிளாஸ்டிக். பொடிப்பொடியாக உதிருமே தவிர மக்காது. அரை நாள் போட்டோவுக்காக வந்த பூ மதியச் சாப்பாடு முடியும் முன்பே குப்பை வண்டி ஏறுகிறது. நாலு வாழை மரம், மாவிலைத் தோரணம், செவ்வந்திச் சரம் போதாதா?

மாலை வேறு விஷயம். அது கைத்தொழில், பயிற்சி வேண்டும். குமரி மாவட்டம் தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து வைத்துக் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ விளைந்த மண்ணுக்கு மட்டுமல்ல, கட்டும் கைக்கும் மரியாதை உண்டு என்பதற்கு அது சாட்சி. அதை ஒரு மதியத்தில் பார்த்துச் செய்துவிட முடியாது.

மாலைக்கு இன்னொரு கனமும் உண்டு. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய இந்து திருமணச் சட்டத் திருத்தத்தின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவருக்கொருவர் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், ஆனால் மாலை மட்டும் இருந்தாலும் போதும். அதாவது மண்டபத்தில் இருக்கும் அத்தனை பூவிலும் அலங்காரம் அல்லாத பூ அந்த இரண்டு மாலைதான். அதைத் தெரிந்த கையிடம் கொடுங்கள், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லோரும் வீட்டிலேயே சரம் கட்டிக்கொண்டால், கோயில் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிப் பிழைக்கும் பெண்கள் என்ன ஆவார்கள்? அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டு வீட்டுப் பூவில் என்ன பெருமை? உண்மைதான். அதற்கு ஒரு வழி, அவர்களில் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து வீட்டுக்கு அழைப்பது. வேலைக்காரராக அல்ல, கற்றுக்கொடுப்பவராக. பத்துக் கைகளையும் அவர் திருத்துவார். பூ வாங்கும் இடத்தில் ஏமாறாமல் பார்த்துக்கொள்வார். மண்டபத்தில் இலை போட்டு உட்காரும் விருந்தாளிகளில் அவரும் ஒருவராக இருப்பார்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் பத்துப் பேர் யார்?

வழக்கமாகப் பூக் கட்ட உட்காருவது பெண்கள். பையன்கள் அந்த நேரத்தில் சேர் எடுத்துப் போடுவார்கள், இல்லையென்றால் செல்போன் பார்ப்பார்கள். ஆனால் கடைத்தெருவில் ஆளுயர மாலை கட்டுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்! கூலிக்கு என்றால் ஆண் கை பூக் கட்டும், வீட்டுக்கு என்றால் கட்டாது. இது என்ன நியாயம்? மாப்பிள்ளையே வந்து உட்காரட்டும். தன் மனைவியாகப் போகிறவர் தலையில் வைக்கும் பூவில் ஒரு முழமாவது கட்டட்டும். கோணலாக இருந்தால் என்ன, யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை :)

இன்னொருவரும் உண்டு. அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் கணவரை இழந்த ஒரு அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ இருப்பார். பூக் கட்டுவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கல்யாணத்தன்று அவர் தலையில் பூ இருக்காது. ஆரத்தித் தட்டு அவர் கைக்கு வராது. சில வீடுகளில் பெண்ணுக்கு வைக்கும் பூவை அவர் தொடுவதைக்கூடத் தவிர்ப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவரே ஒதுங்கி அடுப்படிப் பக்கம் போய்விடுவார்.

இது பழைய வழக்கம்தானே என்பார்கள். பழையதுதான். அகநானூற்றின் 86-ஆம் பாடலில் வரும் கல்யாணத்தில், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டுபவர்கள் மகனைப் பெற்ற நான்கு பெண்கள். யார் கை மங்கலம் என்ற கணக்கு அன்றே இருக்கிறது. பழையது என்பதால் சரியாகிவிடுமா? 2023 ஆகஸ்டில், கணவரை இழந்த ஒரு பெண்ணை ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றுக்குள் விடாமல் தடுத்த வழக்கில், இத்தகைய வழக்கம் நாகரிகச் சமூகத்தில் தொடர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோயில் வாசலுக்கு நீதிமன்றம் வரும். கல்யாண வீட்டுக் கூடத்துக்கு வராது. அங்கே முடிவு எடுக்க வேண்டியது வீட்டுக்காரர்கள்தான்.

காண்டிராக்ட் விட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அந்த அத்தை வழக்கம்போல ஓரத்தில் இருப்பார், யாருக்கும் உறுத்தாது. வீட்டில் பூக் கட்டுவது என்று முடிவு செய்தால்தான் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டிவரும். அவரையே முதலில் கூப்பிடலாம். முதல் கண்ணியை அவரே போடட்டும். கட்டி முடித்ததும் முதல் முழத்தைக் கல்யாணப் பெண் நறுக்கி அவர் தலையில் வைக்கலாம், அவருக்கு விருப்பம் இருந்தால். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. ஆனால் கேட்காமலே இருப்பது மட்டும் கூடாது.

பத்துப் பேர் சேரவில்லையா? கவலையே வேண்டாம், கடையில் வாங்கிவிடுங்கள். சேர்கிறார்கள் என்றால், உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு அந்தப் பாயில் யார் யார் உட்காரப் போகிறார்கள்?