கொடுத்த முட்டைக்குக் கட்டம் உண்டு, தின்ற முட்டைக்கு இல்லை

எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போன மாதம் பெயிண்ட் அடித்தார்கள். சுவரில் யானை, ரயில் வண்டி, அ முதல் ஃ வரை எழுத்துகள். காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டிக்கு ஒரே மகிழ்ச்சி. "பிரைவேட் மாதிரியே ஆயிடுச்சு சார்" என்றார் ஒரு நண்பர். எனக்குச் சுருக்கென்றது. பெயிண்ட் மேல் கோபம் இல்லை, அடிக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் கொடுக்கிற உச்ச மதிப்பெண் "பிரைவேட் மாதிரி" என்பதுதானா? எதைப் பார்த்து இந்த மார்க் போடுகிறோம்? நடந்துகொண்டே சண்டை போட மூச்சு போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உள்ளாட்சித் தணிக்கையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். சத்துணவுக் கணக்கும் எங்கள் மேஜைக்கு வரும். பதிவேடு எதைப் பேசும், எதைப் பேசாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வருகை 22. முட்டை 22. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பெருக்கினால் சரியாக வரும். இருப்பும் நேர். பச்சை மையில் ஒரு டிக். முடிந்தது.

அந்த 22 முட்டையில் எத்தனை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிற்று? மஞ்சள் கருவைத் துப்பியவர்கள் எத்தனை பேர்? கையிலேயே வைத்திருந்து வாசலில் நின்ற நாய்க்குப் போட்டவன் யார்? இதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. "வழங்கப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. "சாப்பிட்டது" என்று ஒன்றை என் சர்வீஸில் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை முட்டையை வாங்கித் தானாகத் தின்றுவிடாது. உதிர்த்து, சோற்றோடு பிசைந்து, வேடிக்கை காட்டி, வாயைத் திறக்க வைக்க வேண்டும். நம் வீட்டில் ஒரு பேரனுக்கு ஒரு கிண்ணம் சோறு ஊட்ட எத்தனை தடவை வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் நடந்திருப்போம்! அங்கே இருபது பிள்ளைகளுக்கு இருப்பது டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். அந்த ஆயாதான் சமைக்கவும் வேண்டும்.

திட்டத்தையே குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கால பால்வாடி ஞாபகம் இருக்கும். மாதர் சங்கக் கட்டடம், கேர் பால்பவுடரைக் கரைத்த அலுமினிய வாளி, கோதுமை ரவை உப்புமாவின் வாசனை. அங்கிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது, பள்ளிக்கூடம் போகாத, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் கிராமங்களில் சோறு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. வட மாநிலத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த யாரையாவது கேளுங்கள், இதன் அருமை தெரியும்.

அளப்பதும் தப்பில்லை. அளந்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதல் சோதனை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதா மாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் கூடுதல் உணவு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஏறாவிட்டால் ஏன் என்று பார்ப்பார்கள். தராசு முள் நகர்ந்தால் அந்தக் குழந்தையின் மறுநாள் சாப்பாடு மாறும். அதற்குப் பெயர் அளவை. குறித்த எண் மேலே போய், மேலே இருந்து இன்னும் மேலே போய், தில்லியில் வரைபடமாகிவிட்டு, கீழே தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒன்றுமே மாறவில்லை என்றால் அது வெறும் எழுத்து வேலை.

இப்போது பதிவேட்டோடு செல்போனும் சேர்ந்துகொண்டது. 2021இலிருந்து போஷன் டிராக்கர். வருகை, எடை, உயரம், எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காமல் டீச்சர் வாசற்படியில் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே ஆயா அடுப்படியில். நடு ஹாலில் பதினெட்டுப் பிள்ளைகள், பெரியவர் ஒருவரும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் ஒருவன் இன்னொருவனைக் கடித்தான், ஒரு பெண் குழந்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுது அழுது ஓய்ந்து அப்படியே தூங்கிப் போனது. அன்றைய பதிவு மட்டும் சுத்தமாக இருந்திருக்கும். இதற்கு டீச்சரைத் திட்டுவது அநியாயம். பதிவு ஏறாவிட்டால் அவருக்கு மெமோ வரும். பிள்ளை அழுததற்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை.

சரி, "பிரைவேட்" எப்படி? எங்கள் ஊரிலும் மூன்று இருக்கின்றன. பெயர் வேண்டாம். ஒன்றில் என் உறவுக்காரப் பிள்ளையைச் சேர்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஏ.சி., கேமரா, ஆபீஸில் இருந்தபடியே அம்மா போனில் பார்த்துக்கொள்ளலாம். கேமராவில் பார்த்தேன்: முப்பது பிள்ளைகள் வரிசையாக, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். "நல்ல டிசிப்ளின் சார்" என்றார் அந்த அம்மையார் பெருமையாக. மூன்று வயதில் வாயில் விரல்! பேச்சு வர வேண்டிய வயது அது. கேள்வி கேட்டுக் கேட்டு நம் உயிரை வாங்க வேண்டிய வயது. அதோடு வீட்டுப்பாடம் வேறு. பென்சில் பிடிக்கும் வலு விரலில் இன்னும் வராத பிள்ளை நான்கு வரி நோட்டில் எழுதுகிறதாம். வீட்டில் எழுதுவது அம்மா, அல்லது பாட்டி. விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015இல் தமிழ்நாட்டில் விதிமுறைகள் வந்தன. இடம், கழிப்பறை, தீயணைப்பு எல்லாம் பார்க்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது, கட்டடத்தைக் கறாராகப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறோம். கூரை சரியாக இருக்கிறது, சரி. கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது?

இதில் நம் பங்கும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிவரப் போவது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான். வாசலில் நாம் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன எழுதினே?" எழுதவில்லை என்றால் முகம் மாறுகிறது. இந்த வாடிக்கையாளர் இருக்கிறவரை அந்தக் கடையில் இதே சரக்குத்தான் விற்கும்.

வேறு மாதிரி மதிப்பிட முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் என்ற இருவர் 1980இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். மதிப்பிட வருகிறவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, சில மணி நேரம், வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். கை கழுவுவதிலிருந்து, பெரியவர்கள் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். "அதெல்லாம் அமெரிக்காவுக்கு" என்று தள்ளிவிட வேண்டாம். சென்னை தரமணியில் இருக்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை நம் மையங்களுக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாட்டு அளவுகோல் ஒன்றே செய்தது. பின்னால் இருந்தவர் மீனா சுவாமிநாதன். விஞ்ஞானியின் மனைவி என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். 1972இல் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசு கேட்டு வாங்கிய அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர் அவர். 2022இல் காலமானார். ஆக, கருவி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. எடுத்துத் தூசி தட்டத்தான் ஆள் இல்லை.

அந்த அளவுகோல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்த்தால் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும். பக்கத்துக் கிராமத்து மையம் ஒன்றில் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுக் கட்டடம், சுவரில் யானையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பையன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். மற்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிக்கும் முன்பே அந்த டீச்சர் "வாடா, நமக்குத் தோட்டத்துல வேலை இருக்கு" என்று அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனார். கழுவி, வேறு நிஜார் போட்டு, கையில் ஒரு வேப்பங்கொத்தோடு திரும்பி வந்தான் பையன், பெரிய வேலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி. யாரும் கவனிக்கவே இல்லை. பிள்ளைகள் அத்தனை பேரையும் அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், "ஏய்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புளியங்கொட்டை, சோளத்தட்டை, தீப்பெட்டி, பழைய தேங்காய்ச் சிரட்டை, இவைதான் விளையாட்டுச் சாமான். நான் அங்கே இருந்த மூன்று மணி நேரத்தில் அந்த ஹாலில் சத்தம் ஓயவே இல்லை. கேமரா வைத்த இடத்து அம்மையார் வந்து பார்த்தால் டிசிப்ளின் இல்லை என்பார். எனக்கு எழுபத்தொரு வயதில் அங்கேயே சேர்ந்துவிடலாமா என்றிருந்தது.

இந்த டீச்சருக்கும், போனை வானத்துக்குக் காட்டிய டீச்சருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் கிடையாது. மத்திய அரசு 2018இல் பணியாளரின் மதிப்பூதியத்தை 3000 ரூபாயிலிருந்து 4500 ஆகவும், உதவியாளருக்கு 1500இலிருந்து 2250 ஆகவும் உயர்த்தியது. மாநில அரசு மேலே சேர்த்துக் கொடுப்பதால் இங்கே நிலைமை பரவாயில்லை. இருந்தும், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டா இல்லையா என்பதையே உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் குஜராத் ஊழியர்கள் வழக்கில் "உண்டு" என்று தீர்ப்பு வந்தது. பென்ஷன் தேதி ஒரு நாள் தள்ளிப் போனால் கருவூலத்துக்கு போன் போடுகிறவர்கள் நாம். அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அதிகாரம் இருந்தால் முதலில் செய்வது இதுதான்: காலை பத்தரையிலிருந்து பிள்ளைகள் தூங்கும்வரை மையத்துக்கு மூன்றாவது ஆள். அடுப்படியை விட்டு நகர முடியாத ஆயாவைக் கணக்கில் காட்டி "இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்பது கள்ளக் கணக்கு, இதைத் தணிக்கைக்காரனாகவே சொல்கிறேன். அடுத்தது, வாக்காளர் பட்டியல் வேலையிலிருந்து இவர்களை விடுவிப்பது. வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்க்க இந்த நாட்டில் வேறு ஆளே கிடைக்காதா? போன் பதிவு பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மட்டும். ஆய்வுக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் பதிவேட்டைக் கேட்கலாம் என்று ஓர் உத்தரவு போட்டால் செலவுகூட இல்லை. ஆனால் ஒரு மேற்பார்வையாளர் தலையில் இருபதுக்கு மேற்பட்ட மையங்கள். அவர் எத்தனை இடத்தில்தான் உட்காருவார்?

நாம் உட்காரலாமே! அங்கன்வாடி அளவிலேயே ஒரு கண்காணிப்பு ஆதரவுக் குழு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2011இலேயே வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. வார்டு உறுப்பினர், தாய்மார்கள், இவர்களோடு ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் ஊரில் இந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது, கூட்டத்தில் இல்லை. வரும் திங்கட்கிழமை வார்டு உறுப்பினரைப் பார்த்துப் பேசப் போகிறேன். நடைக் கோஷ்டியில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மூன்றாவது ஆள் வேண்டும். காது நன்றாகக் கேட்க வேண்டும், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்க வேண்டும். பதிவேட்டைத் திறக்கக் கூடாது, டீச்சருக்குப் புத்தி சொல்லக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலை பூங்காவில் என்னைப் பிடியுங்கள், ஆறே காலுக்கு இருப்பேன்.