கத்தி வேண்டாம், சுவடி போதும்

தமிழில் ஒரு வீடியோ கேம் எடுத்தால் எதை எடுக்கலாம் என்று நம்ம ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். சோழர் படை, கப்பல், வாள், யானை. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நம் கைவசம் இருக்கும் நல்ல சரக்கு அதுவல்ல என்பது என் கட்சி.

'புக் ஆஃப் அவர்ஸ்' என்று ஒரு கேம். 2023 ஆகஸ்டில் வந்தது. செய்தது லண்டனில் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த வெதர் ஃபேக்டரி என்ற சின்ன கம்பெனி. கதை 1936-ல் நடக்கிறது. இங்கிலாந்தில் கார்ன்வால் கடற்கரையோரம் ஹஷ் ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை, உள்ளே ஒரு நூலகம். நீங்கள்தான் நூலகர். பூட்டிக் கிடக்கும் அறைகளை ஊர்க்காரர்கள் துணையோடு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் மாந்திரீகப் புத்தகங்கள். இன்ன நூல் என்று கண்டுபிடித்து, பட்டியலில் ஏற்றி, அடுக்கி, நிதானமாகப் படிக்க வேண்டும். சிலவற்றில் தோஷம் பிடித்திருக்கும், அதைப் போக்கிவிட்டுத்தான் திறக்கலாம். சில தெரியாத பாஷையில் இருக்கும், அந்தப் பாஷையை முதலில் கற்க வேண்டும். சண்டை கிடையவே கிடையாது.

தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஆபீஸ்ல லெட்ஜர் பாக்கறதுக்கு அவங்க சம்பளம் தர்றாங்க. அதையே இங்க காசு குடுத்துப் பண்றீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான் :-)

நிற்க. இந்த மாளிகை கற்பனை, அந்தப் புத்தகங்களும் கற்பனை. நம்மிடம் இதே கதை நிஜமாக நடந்திருக்கிறது. ஆடியவர் உ.வே.சாமிநாதையர்.

1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். காலேஜில் தமிழ் வாத்தியார், ஆனால் படித்ததில்லை. அங்கே ஆரம்பித்த தேடல் 1887-ல் சிந்தாமணி அச்சாகும் வரை போனது, அதற்கப்புறமும் நிற்கவில்லை. அது சமண காவியம், அர்த்தம் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த கேமில் பாஷை கற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, ஒகர ஓகாரத்துக்கும் இல்லை. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி. ஆக 'பால்' என்று இருப்பது பாலா, பரலா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொடியா, கோடியா? (பேங்கில் இந்தச் சந்தேகம் வந்தால் வேலை போய்விடும்.) இதைவிட நல்ல புதிர் எந்த கேம் கம்பெனி உட்கார்ந்து யோசித்தாலும் வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பூக்கள் விஷயம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். உ.வே.சா.வுக்குக் கிடைத்த ஏடுகளில் நடுவே சில பூக்களைக் காணோம். தேடித் தேடி, கடைசியில் தருமபுரம் ஆதீனத்துச் சுவடிகளில் அந்த இடம் அகப்பட்டது. 'உதிர்ந்த மலர்கள்' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தொலைந்த பூக்களை ஒரு மடத்து ஏட்டில் கண்டெடுப்பது! மந்திரம் என்று தனியாக ஒன்று சேர்க்க வேண்டுமா என்ன?

தோல்வியும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்கிறார்கள். அந்த இடத்தில் 'மறுபடி முயற்சிக்கவும்' பட்டன் வைக்கவே கூடாது.

"இவ்வளவு மெதுவான கேமை யார் சார் வாங்குவா?" எங்கள் அடுக்ககத்தில் கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கேட்டது இது. 2023 ஜூலையில் வந்த 'வெண்பா'வைக் காட்டினேன். டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடா போன தமிழ்க் குடும்பம், அம்மா கொண்டுபோன சமையல் குறிப்பு நோட்டு. நோட்டு கிழிந்து, கறைபட்டு, பாதி எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது வரை நாம்தான் ஊகிக்க வேண்டும். 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது.  தம்பி சிரித்தான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் யார் போடுவா என்றான். அது சரியான கேள்வி. இப்படி ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது அடமானம் என்ன என்பதுதான்.

இருந்தாலும் நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் வீட்டில் இருக்கிறது. இங்கே கொண்டாப்பூரில் பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்கு இங்கிலீஷ், தெலுங்கு, ஹிந்தி. 2018 சட்டப்படி தெலங்கானாவில் தெலுங்கு கட்டாயம், அதில் எனக்குச் சந்தோஷமே. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து ஒன்றும் தெரியாது. அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தால் மூன்றாம் நாள் ஷூ அலமாரி மேல் கிடக்கிறது. அதே பெண், 'புக் ஆஃப் அவர்'ஸில் இல்லாத ஒரு பாஷையைக் கற்றுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். அந்த உழைப்பில் கால்வாசி ஒரு நிஜ எழுத்துக்குப் போகட்டுமே என்று எனக்கு இருக்காதா? புள்ளியில்லாத ஓலையில் அவளும் கபிலரின் பூவைத் தேடுபவர்களும் ஒரே நிலையில்தான் ஆரம்பிப்பார்கள்.

முதல் கட்டத்திலேயே தருமபுரம் வேண்டாம், கஷ்டம். கும்பகோணத்தில் முன்சீப் வீட்டில் ஆரம்பிக்கலாம். அவர் கேட்பார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று எதை அழுத்தினாலும் அவர் முகம் மாறக் கூடாது. கடைசியில் சிந்தாமணி பற்றிக் கேட்டுவிட்டு, ஒரு பிரதியைக் கையில் கொடுப்பார்.