சார்ட்டில் பெண்கள் பெயர் வேண்டும்



போன வாரம் எங்கள் வகுப்பில் இங்கிலாந்து ராஜ வம்சம் ஒன்றைச் சார்ட்டில் வரைந்தோம். ஜான் ஆஃப் கான்ட் என்ற இளவரசருடைய வம்சம். பாதியிலேயே இடம் பத்தவில்லை. உடனே ஒருத்தன், "பொம்பளைங்க பேரை எல்லாம் எடுத்துடலாம், கோடு மட்டும் போட்டா போதும்" என்றான். நிறையப் பேர் சரி சரி என்று தலையாட்டினார்கள். நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஜான் யார்? மூன்றாம் எட்வர்டு என்ற ராஜாவின் மகன். 1340-இல் கென்ட் நகரத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பெல்ஜியத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பேர்தான் இங்கிலீஷ்காரர்கள் வாயில் கான்ட் ஆகிவிட்டது. அவருக்கு மேலே அண்ணன்மார் இருந்ததால் ராஜா ஆக வழியில்லை. ஆனால் 1377-இல் அண்ணன் மகன் ரிச்சர்டு பத்து வயசில் பட்டத்துக்கு வந்தபோது, நாட்டிலேயே பெரிய ஆள் இந்தச் சித்தப்பாதான். ராஜாவுக்கு அடுத்தபடி பெரிய பணக்காரரும் அவரே.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். 1359-இல் அவர் பிளான்ச் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். பிளான்ச்சின் அப்பா லங்காஸ்டர் பிரபு. அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது, இரண்டு பெண்கள் மட்டும். 1361-இல் அப்பா இறந்தார், அடுத்த வருஷமே அக்காவும் இறந்துபோனாள். சொத்து முழுவதும் பிளான்ச்சுக்கு வந்தது. அதனால்தான் 1362-இல் ஜான் லங்காஸ்டர் பிரபு ஆனார். கோட்டை, ஊர், நிலம், பட்டம் எல்லாமே மாமனார் வீட்டுச் சொத்து! லண்டனில் அவர் வாழ்ந்த சவாய் அரண்மனைகூட மாமனார் கட்டியதுதான்.

அந்த அரண்மனையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பிரான்சோடு நடந்த சண்டைச் செலவுக்காக, 15 வயசுக்கு மேற்பட்ட எல்லோரும் தலைக்கு 12 பென்ஸ் கட்டணும் என்று வரி போட்டார்கள். பண்ணையாருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே கணக்கு. கூலிக்காரருக்கு அது பல நாள் சம்பளம். 1381-இல் ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். ஜூன் 13-ஆம் தேதி சவாய் அரண்மனையைக் கொளுத்தினார்கள். தங்கம் வெள்ளிச் சாமான்களை உடைத்து ஆற்றில் போட்டார்களே தவிர, வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நாங்கள் திருட வரவில்லை என்று காட்டுவதற்காகத்தான். ஜான் அப்போது ஸ்காட்லாந்து எல்லையில் இருந்ததால் தப்பித்தார். அவர் மேல் ஜனங்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, சொந்தக் கையால் என்ன சாதித்தார்? 1373-இல் பெரிய படையோடு கலே துறைமுகத்திலிருந்து போர்டோ வரைக்கும் பிரான்சுக்குள்ளேயே நடந்தார். ஆளும் குதிரையும் வழியெல்லாம் செத்து விழுந்ததுதான் மிச்சம். இரண்டாவது மனைவி கான்ஸ்டன்ஸ், காஸ்டீல் நாட்டு ராஜாவின் மகள். காஸ்டீல் என்பது இன்றைய ஸ்பெயினில் ஒரு பெரிய பகுதி. மனைவியின் உரிமையை வைத்து "நான்தான் காஸ்டீல் ராஜா" என்று சொல்லிக்கொண்டார். 1386-இல் படையோடு போய் அதுவும் நடக்கவில்லை. கடைசியில் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். மனைவி கொண்டுவந்த உரிமையை இவர் விற்றார் என்றுதான் நான் சொல்வேன். அந்த ஒப்பந்தத்தில் மகள் கத்தலினாவையும் அந்நாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பத்து வயசுகூட ஆகவில்லை. (சிரிக்காதீர்கள், நிஜம்தான்!)

ஆனால் அந்தக் கத்தலினா, புருஷன் இறந்த பிறகு சின்னப் பையனாக இருந்த தன் மகனுக்காக நாட்டை ஆண்டவர்களில் ஒருத்தி. அவளுடைய பேத்தி இசபெல்லாதான் 1492-இல் கொலம்பஸை அனுப்பியவர். பிளான்ச்சின் மகள் பிலிப்பா 1387-இல் போர்ச்சுகல் ராணி ஆனாள். அவளுடைய கொள்ளுப்பேரன் மானுவேல்தான் வாஸ்கோடகாமாவை அனுப்பிய ராஜா. 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கினாரே, அதே வாஸ்கோடகாமா! நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒருத்தி பாக்கி. கேத்தரின் ஸ்வின்ஃபோர்டு. ஜானுடைய பெண்களைக் கவனித்து வளர்க்க வந்தவள், விதவை. அவளுக்கும் ஜானுக்கும் நான்கு பிள்ளைகள், கல்யாணம் இல்லாமலே. கான்ஸ்டன்ஸ் இறந்த பிறகு 1396-இல்தான் முறையாகக் கட்டிக்கொண்டார். மறுவருஷம் அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எழுதியவர்கள் கேத்தரினைத் தாறுமாறாகத் திட்டியிருக்கிறார்கள். அவளுடைய கொள்ளுப்பேத்தி மார்கரெட். மார்கரெட்டுக்குப் பிள்ளை பிறந்தபோது வயசு 13. என்னைவிட ஒரு வயசு சின்னவள், அதற்குள் புருஷனும் இறந்துபோயிருந்தார். அந்தப் பிள்ளைதான் 1485-இல் ஏழாம் ஹென்றி என்ற ராஜா ஆனது. படத்தில் மார்கரெட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போடலாமா? அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

1399-இல் ஜான் இறந்தார். அந்தச் சொத்தை ரிச்சர்டு ராஜா பறிக்கப் பார்த்தார். பிளான்ச்சின் மகன் ஹென்றி திரும்பி வந்து ராஜ்ஜியத்தையே பிடித்துக்கொண்டார். லங்காஸ்டர் சொத்தைத் தனிச் சொத்தாகவே வைத்துக்கொண்டார். இன்று வரைக்கும் அது இங்கிலாந்து ராஜாவின் கையில் தனியாகவே இருக்கிறது. 600 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது பிளான்ச் வீட்டு நிலத்திலிருந்து வந்ததுதான்.

ஜான் தன்னை எங்கே புதைக்கச் சொன்னார் தெரியுமா? லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், பிளான்ச்சுக்குப் பக்கத்தில். அவருக்கே யார் பெயர் பக்கத்தில் இருக்கணும் என்று தெரிந்திருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ட்டில் இடம் பத்தவில்லை என்றால் 1373 சண்டையை எடுத்துவிடுங்கள். அப்படியும் பத்தவில்லை என்றால் இன்னொரு சார்ட் வாங்க நான் காசு தருகிறேன். பெயர்களை நானே எழுதித் தருகிறேன், என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி