கை மணம் இருக்கு. கல்லாப் பெட்டி எங்கே?

செஞ்சியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்குள்ளே ஒரு வியாபாரம் நடக்கிறது. போர்டு கிடையாது. ஒரு வீட்டில் முறுக்கு, அடுத்த வீட்டில் இட்லி மாவு, எதிர் வீட்டில் தையல் மிஷின், மாடியில் ஊறுகாய்.

ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் உற்சாகம்தான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். சில வீடுகளில் முறுக்கு அச்சு பரண் மேலே ஏறியிருக்கும். அடகு வைத்த கம்மல் மட்டும் திரும்பி வந்திருக்காது.

கேட்டால், "நமக்குக் கைராசி இல்லீங்க" என்பார்கள்.

கைராசியாவது, ஒன்றாவது! செஞ்சிப் பெண்களின் கைப் பக்குவத்துக்கு என்ன குறை? தோற்பது கை அல்ல, கணக்கு!

கணக்கைப் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஐந்து கிலோ முறுக்கு. அரிசி, உளுந்து, எண்ணெய், எள் எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேஸுக்கு 80. கவருக்கு 40. மொத்தம் 720. கிலோ 180 ரூபாய்க்கு விற்றால் கைக்கு வருவது 900. மீதி 180 ரூபாய்.

"பரவாயில்லையே, 180 லாபம்!" என்று தோன்றும். ஆனால் அம்மாவும் மகளும் ஆளுக்கு ஆறு மணி நேரம் அடுப்படியில் வெந்திருக்கிறார்கள். மொத்தம் 12 மணி நேரம். மணிக்கு 15 ரூபாய்தான் கூலி! நடவுக்குப் போனால்கூட இதைவிட அதிகம் கிடைக்கும்.

அதோடு போச்சா? பக்கத்து வீட்டு அக்கா வருவார். "ஒரு கிலோ குடும்மா, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்பார். இல்லை என்று சொல்ல முடியுமா? நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே! ஒரு கிலோ கடன் நின்றால் போதும், அன்றைய லாபம் மொத்தமும் போச்சு.

கடையில் போட்டாலும் அதே கதைதான். "வித்தா காசு, விக்கலைன்னா சரக்கு" என்பார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் முதல் முடங்கக்கூடாது. ஆனால் நொறுங்கின முறுக்கு திரும்பி வரும்போது நஷ்டம் முழுக்க அடுப்படிக்குத்தான்.

இன்னொரு ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முறுக்குக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே டப்பாவில் போடுகிறார்கள். பிள்ளைக்கு நோட்டு, மாமியாருக்கு மாத்திரை, வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் எல்லாம் அதிலிருந்துதான். அடுத்த தடவை எண்ணெய் வாங்க டப்பாவைத் திறந்தால் காலி!

ஏழு பேர், 80 ரூபாய்

அப்பளம் இட்டே ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். 1959 மார்ச் 15. பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு மொட்டை மாடி. ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அன்று தேறியது நாலு பாக்கெட். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் ஆனது. இன்று 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது வேலை கொடுக்கிறது. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அவர்கள் செய்த தந்திரம் என்ன? மாவு வாங்குவதும் பிசைவதும் சங்கத்தில். வீட்டில் நடப்பது தேய்க்கும் வேலை மட்டும். மறுநாள் அப்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், எடை போட்டுக் கூலி. சரக்கை விற்பது சங்கத்தின் பொறுப்பு. பக்கத்து வீட்டு அக்கா கடன் கேட்க அங்கே இடமே இல்லை!

நம் சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. பாட்ரீசியா நாராயண் வீட்டில் ஊறுகாயும் ஜாமும் செய்து விற்றவர். 1982-ல் மெரினா கடற்கரையில் வண்டிக்கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா! மனசு விடாமல் மறுநாளும் போனார். வளர்ந்து பல உணவகங்களை நடத்தினார். கைப் பக்குவம் வீட்டில் கற்றது. கூட்டத்தைக் கண்டது கடற்கரையில்.

இரண்டு கதைக்கும் பொருள் ஒன்றே. வீட்டிலிருந்து வேலை செய்யலாம். வீட்டுக்குள்ளேயே வியாபாரம் செய்ய முடியாது. சரக்கு வாசற்படி தாண்ட வேண்டும்.

கூட்டத்துக்கா பஞ்சம்?

செஞ்சிக்கு மெரினா இல்லை. ஆனால் கூட்டம் இருக்கிறது. அமாவாசை என்றால் மேல்மலையனூர். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை. திண்டிவனம் பக்கமிருந்து போகிறவர்களுக்கு இரண்டுக்கும் வழி நம்ம ஊர்தான். வெள்ளிக்கிழமை சந்தை வேறு.

போதாததற்கு, 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் 12 என்று எடுத்ததில், 11 மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ராஜகிரி ஏறி இறங்கியவனுக்குப் பசிக்காதா? அவன் வாங்குவது எங்கோ மிஷினில் செய்து பையில் அடைத்து வந்த சிப்ஸ். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள்ளே, சூடான முறுக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறது!

என்ன செய்யலாம்?

கோட்டைக்குள் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்பது தொல்லியல் துறை விதி. அது நியாயம்தான். புராதனச் சின்னத்தைச் சந்தைக் கடையாக்க வேண்டாம். ஆனால் வெளியே, வண்டிகள் நிற்கிற பக்கமாக, அளவாக ஓர் இடம் ஒதுக்கலாமே! பஸ் நிலையத்தில் ஒரு மேடை கொடுக்கலாமே!

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வீட்டில் பண்டம் செய்கிற பெண்களின் குரலும் அந்தக் குழுவில் கேட்கட்டும்.

மகளிர் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய குழுக்கள் இன்று ஊர் ஊராக இருக்கின்றன. கடன் வாங்கிப் பிரித்துக்கொள்வதோடு நின்றால் போதுமா? எண்ணெயைச் சேர்ந்து டின்னாக வாங்குங்கள். ஒரே பெயரில் கவர் போடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். விற்க ஓர் ஆளைப் போடுங்கள். "கடன் கிடையாது, சங்கத்து ரூல்" என்று சொல்ல அப்போது தைரியம் வரும்!

வீட்டு ஆண்களுக்கும் சொல்ல வேண்டும். முறுக்குக் காசு வேறு டப்பாவில் இருக்கட்டும். அதில் கை வைக்காதீர்கள். முடிந்தால் சரக்கைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த பௌர்ணமிக்கும் கூட்டம் வரும். பத்து மேஜைக்கு இடம் கொடுத்தால் போதும், பத்து வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கும். பரண் மேலே ஏறிய அச்சும் கீழே இறங்கும்.

அதிகாரிகள் மனசு வைப்பார்களா?