புதுப் பலகை கேட்பதற்கு முன்

"சார், கோடிங் ஏறிடுச்சு, ஆனா ஓடல. வேற போர்டு இருக்கா?"

காஜாங்கில் எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஆர்டுயினோவைத் தொட்ட மாணவராக இருந்தால் நீங்களும் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். பல ஆண்டுகளாக நானும் மறுபேச்சின்றிப் பெட்டியைத் திறந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாம் படிவ மாணவிகள் மூவர் தானியங்கிக் கதவு மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஆள் நெருங்குவதை உணரி கண்டதும் சர்வோ மோட்டார் கதவைத் திறக்கவேண்டும். மடிக்கணினியில் செருகியிருந்தவரை ஒழுங்காக ஓடியது. சதுர 9 வோல்ட் மின்கலத்துக்கு மாற்றியதும் கதவு ஒரு துடிப்புத் துடித்து நின்றது. மீண்டும் துடித்தது, நின்றது. பலகையை மாற்றினோம், அதே கதை. நிரலை அழித்துப் புதிதாக எழுதினார்கள், அதே கதை. இரண்டு சனிக்கிழமைகள் போயின. "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று சொன்ன ஒருத்தி அடுத்த வாரம் வரவில்லை.

பழுது அவளிடமும் இல்லை, நிரலிலும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் உருப்படியாக ஒன்று செய்தோம். நிரலின் 'செட்அப்' பகுதி, பலகை தொடங்கும்போது ஒரே முறை ஓடும். அதில் 13ஆம் முனையின் சிறு விளக்கை மூன்று முறை மின்னச் சொன்னோம். மின்கலத்தை இணைத்தோம். மூன்று மின்னல், ஒரு துடிப்பு, மறுபடி மூன்று மின்னல். அப்படியென்றால் சில்லு திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே போகிறது!

காரணம் எளிது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னோட்டத்தை அள்ளி இழுக்கிறது. அந்தச் சதுர மின்கலத்துக்கு உள்தடை அதிகம் என்பதால் மின்னழுத்தம் சரிகிறது. நீங்கள் படித்த ஓம் விதிதான். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், ஊனோ பலகையின் ஏடிமெகா328பி சில்லு தாறுமாறாக இயங்காமல் தன்னையே மீட்டமைத்துக்கொள்ளும். மோட்டாருக்குத் தனியாக நான்கு ஏஏ மின்கலங்கள் கொடுத்து, இரண்டு சுற்றுகளின் தரை முனைகளையும் சேர்த்தோம். கதவு திறந்தது.

எல்லாப் பழுதும் இதுவல்ல. வயர்களைக் கழற்றிவிட்டு 'பிளிங்க்' என்ற மாதிரி நிரலை மட்டும் ஏற்றிப் பாருங்கள். விளக்கு மின்னினால் பலகை நலம். தவறு இணைப்பிலோ உங்கள் நிரலிலோ இருக்கிறது. நிரல் ஏறவே இல்லையா? கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமே ஆனதாக இருக்கலாம். 0, 1 முனைகளில் எதையாவது செருகியிருந்தாலும் ஏறாமல் போகலாம், ஏனெனில் நிரல் அந்த வழியாகத்தான் வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுப் பலகையே இல்லாதவர்களும் உண்டு. 2023 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் புரியாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னும் அவ்வளவு நேரம். நாசா பொறியாளர்கள் நினைவகத்தின் நகலை வரவழைத்துப் படித்தார்கள். பழுதான ஒரு சில்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் விண்கலம் ஒழுங்காகப் பேசியது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பலகையை மாற்றுவதுதானே புத்திசாலித்தனம் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அன்றைக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் பொருள் ஓடினால்தான் மதிப்பெண் என்று உங்களைப் பழக்கியது நாங்கள்தான். பழுதைத் தேடிய வழிக்கும் மதிப்பெண் தரவேண்டும். அது இருந்திருந்தால் அந்த மாணவியின் இரண்டு சனிக்கிழமைகள் வீணாகியிருக்காது. அவளை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இப்போது கழகத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். எதை மாற்றினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. மூன்று வரியாவது எழுதாமல் பெட்டிச் சாவியைக் கேட்டால் கிடைக்காது.