மண் சுவரில் விரற் சுவடு

திருத்தணிக்குப் போகிறவர்கள் 365 படிகளையும் ஏறி, தணிகைவேலனைத் தரிசித்து, கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். சிற்ப ரசனை உள்ள சிலர், ஒன்பதாம் நூற்றாண்டில் அபராஜித பல்லவன் காலத்தில் எழுந்த வீரட்டானேசுவரர் ஆலயத்தையும் தேடிப் போவார்கள். தூங்கானை மாடமாகப் பின்புறம் வளைந்த அந்தச் சிறிய கற்றளியில், அரசனே பாடியதாகச் சொல்லும் வெண்பா ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் நானும் அங்கெல்லாம் போனேன். ஆனால் என் காமிராவை நெடுநேரம் நிறுத்தியது, பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்த மண் வீடுதான்.

மண் சுவர் என்றால் அலட்சியம் வேண்டாம். பாரசீகத்துப் பாலைவன நகரமான யஸ்தின் பழைய பகுதி மண்ணால் ஆனதே. அதை 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நம் மண் சுவரும் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி, மெல்லவே விடுவது. அதற்குச் சத்துரு மழை நீர். ஆகையால்தான் நம் முன்னோர் தாழ்வாரத்தை வெளியே நீட்டி, திண்ணையை உயர்த்திக் கட்டினார்கள். இந்தச் சூட்சுமம் தெரியாமல் மேலே சிமெண்டைப் பூசினால், ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் உளுத்துப் போகும்.

இத்தகைய சுவரை உச்சி வெயிலில் படம் எடுத்தால் வெறும் தட்டையாக விழும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் தடவிச் செல்லும்போது எடுக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தபோது வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்தார்.

"ஏம்பா, கோயில் மலை மேலே இருக்குது. இந்தப் பாழும் சுவரைப் போய்ப் படம் புடிக்கிறியே! தை பொறந்தா இடிக்கப் போறோம்" என்றார்.

"அதற்காகத்தான் பாட்டி" என்றேன்.

சற்று யோசித்தார். "இரு" என்று சொல்லி, வாசலில் நீர் தெளித்துக் கோலம் போட்டார். பிறகு சுவரில் அலை அலையாய் ஓடிய விரற் சுவடுகளைத் தொட்டுக் காட்டி, "இது எங்க மாமியார் பூசினது" என்றார்.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். கோயில்களையும் அரண்மனைகளையுமே பெரும்பாலும் எடுத்தார். குடியானவர் வீடுகளை எடுக்க வேண்டிய கடமை நம்முடையது. அரசன் வெண்பாவைக் கல் காக்கிறது. அந்த மாமியாரின் கையெழுத்துக்குத் தை மாதம் வரையில்தான் ஆயுள்.

நேயர்களே, உங்கள் ஊர் மண் வீட்டை இந்த வாரமே படம் எடுங்கள். ஊரையும் தேதியையும், சுவர் பூசியவர் பெயரையும் மறவாமல் குறித்து வையுங்கள்.