விளக்குக் கம்பியும் ஆளைக் கொல்லும்

மோட்டாருக்குச் செல்லும் கம்பியைக் கண்டு ஒதுங்கி நடக்கும் அதே தொழிலாளர், விளக்குக்குச் செல்லும் கம்பியைத் துணி காயப்போடும் கொடியைப் போலக் கையாள்வதற்குக் காரணம், 'லைட் கரண்ட் ஆளைக் கொல்லாது, உதறித்தான் விடும்' என்று மலையகத் தோட்டங்களில் வேரூன்றிவிட்ட நம்பிக்கையாகும். அக்கரப்பத்தனை போன்ற மழையும் மூடுபனியும் ஓயாத இடத்தில் இதைவிடக் கேடான நம்பிக்கை வேறில்லை.

பத்து வாட் மின்குமிழ் ஏறத்தாழ 43 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரில் ஆயிரத்தில் 43 பங்கு மின்னோட்டத்தையே எடுக்கிறது என்பது மெய்தான். ஆயினும், உடைந்த ஹோல்டரின் உயிர்க்கம்பியைத் தொட்டவரின் உடல் குமிழைத் தவிர்த்துத் தனி வழியாக நிலத்தோடு இணைந்துவிடுவதால், அதனூடாகப் பாயும் அளவைக் குமிழ் தீர்மானிப்பதில்லை. இலங்கையின் 230 வோல்ட் மின்னழுத்தமும் உடலின் தடையுமே தீர்மானிக்கின்றன. கொழுந்தின் ஈரம் படிந்த கையிலும் நனைந்த சீமெந்துத் தரையில் நிற்கும் வெறுங்காலிலும் அத்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கினால், 230 மில்லியம்பியர் பாயும்.

உதறிவிடும் என்பது இன்னும் மோசமான பிழை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் டால்சியல் தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனைகளில், பற்றிய கம்பியைத் தாமாகவே விடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியம்பியராகவும் பெண்களுக்கு 10.5 ஆகவும் இருந்தது. அந்த எல்லையைக் கடந்தால் தசை இறுகிக் கை கம்பியை விடாது பிடித்துக்கொள்ளும்.

உருகி காக்கும் என்பாரும் உண்டு. 5 அம்பியர் உருகி, அதாவது கூடுதல் மின்னோட்டத்தில் உருகி அறும் மெல்லிய கம்பி, 230 மில்லியம்பியரைப் பொருட்படுத்தவே செய்யாது. அது காப்பது கம்பியை, மனிதரை அன்று. மனிதருக்கு வேண்டியது ட்ரிப் சுவிட்ச்: சென்ற மின்னோட்டத்துக்கும் திரும்பியதற்கும் 30 மில்லியம்பியர் வேறுபாடு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது.

உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற விரும்பும் தொழிற்சாலை, கண்ணாடித் துண்டு தேயிலையில் விழாதிருக்க விளக்குகளுக்கு உறையிட வேண்டியிருக்கிறது. கொள்வனவாளரின் கோப்பைக்குக் கிடைத்த இந்த அக்கறை, உலர்த்தும் இயந்திரத்துக்குள் புகுந்து சுத்தம் செய்பவரின் கைவிளக்குக்கு எட்டுவது அரிது. நாற்புறமும் உலோகம் சூழ, வியர்வையில் நனைந்த உடலோடு, ஒட்டுப்போட்ட 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டு ஒருவர் குனிந்து நுழையும் அவ்விடத்தில், விலகுவதற்குக்கூட வழியில்லை. மின்னழுத்தத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு மின்மாற்றியும் கூண்டிட்ட கைவிளக்கும் அங்கே கட்டாயமாக்கப்பட வேண்டும். அவை வந்து சேரும்வரை அந்தச் சுத்திகரிப்பு வேலைக்கு ஆளை அனுப்பக் கூடாது.